பக்கத்து சீட்டுப் பிரேக்

வண்டி பழகுவதற்கு ஒரு நல்ல பள்ளியைத் தேடிப் பிடிப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம் சார். மாப்பிள்ளையைப் பற்றியாவது அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். டிரைவிங் ஸ்கூலைப் பற்றி யாரைக் கேட்டாலும், "லைசென்ஸ் வாங்கிக் குடுத்துருவாங்கல்ல, பெறகென்ன" என்பார்கள். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மாரிச்செல்வி அம்மா கேட்டார். அதனால்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஜீவிதனைக் காலையிலிருந்து ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், முகமே செத்துக் கிடக்கிறது. மண்டபம் அகதிகள் கேம்பில் பிறந்த பையன். அங்கே பேர் கூப்பிடும்போது ஆள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு தலைவலி. மாரிச்செல்வி அம்மாவுக்கு அவன் ஒழுங்காக வண்டி சொல்லிக்கொடுக்காததால்தான் ஆடு மேய்க்கிற பூமயில் செத்தாள் என்று கேஸ் அவன் பக்கம் திரும்புகிறதாமே. அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்றுதான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவன் செய்தது அத்தனையும் நான் சொன்னது. அவனை அனுப்பிவிடுங்கள்.

என் பெயர் வீரையா. சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். மாரிச்செல்வி அம்மாவின் வீட்டுக்காரருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். அவருக்கு வண்டி ஓட்டத்தான் இராமநாதபுரம் வந்தேன். கல்யாணத்தன்று அம்மாவைப் பெண்ணழைத்து வந்த வண்டியை ஓட்டியதே நான்தான். அன்றிலிருந்து அவரைத் தாயி என்று கூப்பிடுகிறேன், அவர் என்னை அண்ணே என்பார். முதலாளி போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. அம்மா வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சாயல்குடி வரைக்கும் காடு காடாகப் போய் வத்தல் பார்த்து விலை பேசுவார், நான் வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். வண்டி போய் நின்றால் ஊர்க்காரர்கள் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள். "வீரையாண்ணே, வாங்க, மோர் குடிங்க" என்பார்கள். அதற்குப் பிறகுதான் பின்சீட்டில் யார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் வரும் வழியில் அம்மா சொன்னார், "அண்ணே, நான் வண்டி ஓட்டப் பழகப்போறேன்."

நான் சிரித்தேன். "எதுக்குத் தாயி, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க. ஆனா நான் எங்க போறேன், எங்க வாரேன்னு ஒரு நாளாவது எனக்கு மட்டும் தெரியட்டும்ணே."

எனக்குச் சுருக்கென்றது. முதலாளியின் அண்ணன் பெரியவர் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் போடுவார். இன்றைக்கு எங்கே போனீர்கள், யாரோடு பேசியது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பார். நான் சொல்வேன். குடும்பத்துப் பெரிய மனுஷன் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியுமா? தம்பி பொண்டாட்டி மேல் அவருக்கும் அக்கறை இருக்காதா? அதை இந்த அம்மா இவ்வளவு நாள் மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னை நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "குடோனைப் பாத்துக்கங்கண்ணே, சம்பளத்துல ஒரு கொறையும் வராது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். குடோன் என்றால் வத்தல் மூட்டைக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பது. காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது என்ன பிழைப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வயிறு எரிந்தது சார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அவரே என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். "ஒங்களுக்குத் தெரியாத ஸ்கூலா, நீங்களே நல்லதாப் பாருங்க. எந்த நேரம், எந்த ரோடுன்னும் நீங்களே சொல்லிருங்க" என்றார். நான் பார்த்தேன்.

முதலில் யும்னா என்ற பெண் நடத்துகிற பள்ளிக்குத்தான் கூட்டிப்போனேன், அம்மாவே ஆசைப்பட்டதால். யும்னா கறார். வந்தவர்களை உட்காரச் சொல்லக்கூட இல்லை, காரின் கதவைத் திறந்து காட்டியது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும், உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைக் காட்டி யும்னா சொன்னது, "இது என் பக்கத்து பிரேக். உசுருக்கு ஆபத்துன்னாத் தவிர இதுல கால் வைக்க மாட்டேன். எம்புட்டுப் பயந்தாலும் நீங்கதான் மிதிக்கணும். மொத வாரம் நிறுத்தப் பழகணும், ஓட்டுறதெல்லாம் பெறகு. மைதானத்துல வேகமாப் போகச் சொல்லி, திடீர்னு நிறுத்துங்கம்பேன். அழுதாலும் விடமாட்டேன், சரியாக்கா?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒன்று விளங்கிவிட்டது. இந்தப் பெண்ணிடம் விட்டால் அம்மா நிஜமாகவே பழகிவிடுவார். பழகினால் என் கதை முடிந்தது.

திரும்பி வரும்போது மெதுவாகத்தான் பேச்செடுத்தேன். "நல்ல பள்ளிக்கூடந்தான் தாயி. ஆனா அந்த மைதானம் பெரியவர் மில்லுக்கு நேர் எதுக்க. வண்டி குலுங்கிக் குலுங்கி நிக்கிறதும், நீங்க கத்துறதும், போற வாறவன் வேடிக்கை பாக்குறதும்... மொதலாளி போயி இன்னும் தெவசங்கூட வரல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். எனக்கென்ன, காதுல விழுறதைச் சொன்னேன்." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் வேறு பள்ளி பார்க்கச் சொன்னார்.

நடுவில் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கலாமா என்றும் கேட்டார். நல்ல யோசனைதான். என் சொந்தக்காரர் யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். "மொதலாளி ஆசை ஆசையா வாங்குன வண்டியை விக்கவா தாயி?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

ஜீவிதன் வேலை பார்க்கிற பள்ளி கேணிக்கரைப் பக்கம். அவனை எனக்கு முன்பே தெரியும், டீக்கடைப் பழக்கம். தங்கமான பையன், ஆனால் இளகின மனசு. பழக வருகிறவர்கள் பயந்தால் அவன் கால் தானாகத் தன் பக்கத்து பிரேக்குக்குப் போய்விடும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பி, புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கிற பொண்ணு. ஒரு குலுக்கு குலுங்கினாலும் விட்டுட்டு ஓடிரும். அது காலை எடுத்து எதை மிதிச்சாலும் நீ இந்தப் பக்கம் மெதுவா மிதிச்சு நிப்பாட்டிரு. அதுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போகும்."

"பாவம் அந்த அக்கா. நீங்கள் யோசிக்காதேங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றான். அவன் பார்த்துக்கொண்டான். அதில் அவன் மேல் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை.

நேரமும் ரோடும் நான் சொன்னதுதான். பள்ளிக்கூட வண்டியெல்லாம் போய் முடிந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், திருப்புல்லாணி ரோடு. ஈ காக்கை இருக்காது. நான் நம் வண்டியில் பின்னாலேயே போவேன். பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்தே உள்ளே யார் மிதிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். மெதுவாகப் போகும்போது அம்மாவே பிரேக்கை மிதித்து நிறுத்துவார், இல்லையென்று சொல்லவில்லை. விஷயம் அதில் இல்லை. திடுக்கென்று நாயோ சைக்கிளோ குறுக்கே வந்தால் அவர் என்ன செய்வார் தெரியுமா, வலது காலைத் தூக்கிவிட்டு இடது காலால் கிளட்சை இறுக்கி அழுத்துவார். முதலில் பழகுகிற பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். அதே நேரம் ஜீவிதன் அந்தப் பக்கம் பிரேக்கை அழுத்துவான். வண்டி அழகாக நிற்கும். தன் கால்தான் நிறுத்தியது என்று அம்மா நினைத்துக்கொள்வார். இதைத் திருத்தாமல் விட்டால் காலுக்கு அதுவே பழகிவிடும். பயந்த நேரத்தில் மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது சார், கால் பழகினதைத்தான் செய்யும். வேகமாகப் போகும்போது கிளட்சை மட்டும் அழுத்தினால் வண்டி நிற்காது. எஞ்சினோடு இருந்த பிடியும் விட்டுப்போய், தன் போக்கில் ஓடும்.

லைசென்ஸ் டெஸ்ட்டில் அம்மா முறையாகத்தான் பாஸ் செய்தார். அங்கே யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் உருட்டுகிற வேகத்துக்கு யார் வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். அன்றைக்கு அம்மா பால்கோவா வாங்கிவந்து முதல் துண்டை என் கையில்தான் கொடுத்தார். "ஒங்க புண்ணியம்ணே" என்றார். நான் தின்றேன். நன்றாக இருந்தது.

அப்புறம் நம் வண்டியிலேயே கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நம் வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் கண்ணை வைத்து ஓட்டினேன். தூரத்தில் ஒரு மாடு தெரிந்தாலே, "தாயி, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க" என்பேன். பஸ் திரும்பும் முன்பே, "ஓரமா வாங்க" என்பேன். திடுக்கிடுகிற மாதிரி ஒன்றுமே அவருக்கு நேரவில்லை. "இம்புட்டுத்தானாண்ணே? இதுக்கா நான் இம்புட்டு நாள் பயந்தேன்?" என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு புளியமரம், இல்லாவிட்டால் ஒரு பாலக்கட்டை. பம்பர் உடையும், அம்மா வெலவெலத்துப்போவார், சாவியை என் கையில் திருப்பித் தருவார். அவ்வளவுதான் கணக்கு. அம்மாவுக்கு ஒரு கீறல் விழவேண்டும் என்றுகூட நான் நினைத்ததில்லை. அதனால்தான் அவர் தனியாகக் கிளம்பினதற்கு முந்தின வாரம் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துப் புதுசாகப் போட்டேன். டயரையும் பார்த்தேன். பிரேக்கில் கோளாறு இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம். எப்படி இருக்கும், அது நான் பார்த்த வண்டி.

அம்மா முதன்முதலாகத் தனியாகக் கிளம்பினது சாயல்குடிக்கு. ஒருத்தர் வீட்டில் வத்தல் காயப்போட்டிருந்தது, பார்த்து முடிக்க வேண்டும். காலையில் போய் மத்தியானம் வருவதாகத்தான் பேச்சு. "வெயில் மண்டையப் பொளக்கும் தாயி, சாப்பிட்டுச் சாஞ்சு எந்திரிச்சுப் போங்க, வெயில் தாழ்ந்தா ரோடும் நல்லாருக்கும்" என்றேன். சரி என்றார். எந்த வழி என்று கேட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போகச் சொன்னேன். "உருட்டாதீங்க. பின்னாடி வாறவன் ஹாரன் அடிச்சே பயமுறுத்திருவான். நல்லா அழுத்திப் போங்க" என்றும் சொன்னேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், கடைசியாக ஒன்று கேட்டார்.

"வழியில பாத்துப் போகவேண்டிய எடம் எதுவும் இருக்காண்ணே?"

"ஒண்ணும் இல்ல தாயி. காலி ரோடு" என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உப்பளத்துக்குப் பிரிகிற விலக்கில் ஆடுகள் ரோட்டைக் கடந்திருக்கின்றன. பின்னால் பூமயில். அம்மா பார்த்துவிட்டார், நல்ல தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். "நான் மிதிச்சேண்ணே. நல்லா மிதிச்சேன். நிக்கலண்ணே." அவர் பொய் சொல்லவில்லை. மிதித்துத்தான் இருக்கிறார். எதை மிதித்தார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. ஆடுகளில் ஒன்றுக்கும் அடி இல்லை.

பூமயிலின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அம்மா போயே தீருவேன் என்றார், நான்தான் கூட்டிப்போனேன். இறங்கினதும் பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். "நாசமாப் போயிருவ" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். அம்மா அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு அடி நகரவில்லை. எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. பூமயிலின் புருஷன் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். டீ கொடுத்தான். "நீங்க ஓட்டியிருந்தா எம் பொண்டாட்டி இருந்திருப்பாண்ணே" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். ஆமாம் தம்பி என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். பாவம், அவனுக்கு வேறு யார் ஆறுதல் சொல்வார்கள்.

பூமயிலை எனக்கு முன்பே தெரியுமா என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். நன்றாகத் தெரியும் சார். வெயில் தாழும் நேரத்தில் அந்த விலக்கில் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடப்பாள், நான் எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். மற்ற வண்டி வந்தால் பதறியடித்து ஆடுகளை விரட்டுவாள், குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். நம் வண்டி வந்தால் மட்டும் அவசரப்பட மாட்டாள். வீரையாண்ணன் நிப்பாட்டுவாரு என்று தெரியும். கம்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு, நடு ரோட்டில் நின்று கடைசிக் குட்டி வரைக்கும் கடத்திவிட்டுத்தான் நகருவாள். அன்றைக்கும் அப்படித்தான் நின்றாளாம். கம்பைத் தூக்கிக் காட்டினாள் என்று அந்த விலக்கில் இருக்கிற டீக்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எதற்குக் காட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

காலி ரோடு என்று அம்மாவிடம் சொன்னபோது இது எனக்கு ஞாபகம் இருந்ததா என்றுதானே பார்க்கிறீர்கள். இருந்தது. கம்பைத் தூக்கிக்கொண்டு அவள் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கிளம்பும் நேரத்தையே அதை வைத்துத்தான் சொன்னேன். புளியமரம், பாலக்கட்டை என்று சொன்னதெல்லாம் என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டது. மரத்தில் மோதினால் அம்மா ஒரு மாதத்தில் மறுபடி ஓட்டக் கிளம்பிவிடுவார். அவர் அப்படிப்பட்டவர், நெஞ்சுறுதிக்காரி. ஒரு உயிர் போனால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். தொடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சாவியை என் முன்னால் வைத்துவிட்டார். இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து, வண்டி கிளம்பினதும் கண்ணை மூடிக்கொள்கிறார். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்பதில்லை. பெரியவர் போன் செய்தால் சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவ்வளவுதான் சார். ஜீவிதனை இப்போதே அனுப்பிவிடுங்கள், கடைசி பஸ் போய்விட்டால் கேம்புக்குப் போக வேறு வழி இல்லை. நான் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. தன் ஜாமீனுக்குப் போடவேண்டிய கையெழுத்தைப் போட்டுவிட்டு அம்மா வெளியே வண்டியில் எனக்காகக் காத்திருக்கிறார். நான் போனால்தான் அவர் வீட்டுக்குப் போக முடியும், பாவம், அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.